தோற்ற மாதிரியும் செயல் மாதிரியும்



தொடக்கப்பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு நேரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது ஆசிரியர்கள் பலரும் அட்டையில் ஒரு கடிகாரம் செய்துகொள்வது வழக்கம். வட்டமாக வெட்டிய அட்டை, அதன் ஓரத்தில் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஊசி குத்திப் பொருத்திய இரண்டு முட்கள். முட்களைக் கையால் திருப்பலாம். எங்கள் தோட்டப் பள்ளியிலும் அப்படியொரு கடிகாரத்தை வைத்துக்கொண்டே பல ஆண்டுகள் பாடம் நடத்தினோம்.

"நாலரை மணியைக் காட்டு" என்று சொன்னால், பிள்ளைகள் பெரிய முள்ளை 6இல் வைப்பார்கள். சிறிய முள்ளைச் சரியாக 4இன் மேல் வைப்பார்கள். பிறகு சுவரில் தொங்கும் உண்மைக் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டால், அது நாலரையா ஐந்தரையா என்று தடுமாறுவார்கள். ஏனென்றால், உண்மைக் கடிகாரத்தில் நாலரை மணிக்குச் சிறிய முள் 4க்கும் 5க்கும் நடுவில் அன்றோ நிற்கிறது! பிள்ளைகளுக்குக் கவனம் போதவில்லை என்று நாங்கள் எண்ணினோம். சில பிள்ளைகளைக் கடிந்தும் கொண்டோம். குறை பிள்ளைகளிடம் இல்லை, எங்கள் கடிகாரத்தில்தான் என்பது வெகு காலம் கழித்தே விளங்கியது. உண்மைக் கடிகாரத்தில் பெரிய முள் நகர நகரச் சிறிய முள்ளும் கூடவே நகரும். உள்ளேயிருக்கும் பற்சக்கரங்கள் இரண்டையும் இணைத்திருக்கின்றன. எங்கள் அட்டைக் கடிகாரத்தில் அந்த இணைப்பு இல்லை. அது கடிகாரத்தின் தோற்றத்தைக் காட்டியது, செயலைக் காட்டவில்லை.

நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த வேறுபாடுதான். மனிதர் கையாளும் கருவிகளை, அவர்கள் கைக்கும் கருத்துக்கும் ஏற்றவாறு அமைக்கும் கலையை ஊடாட்ட வடிவமைப்பு என்கிறார்கள். தொலைபேசி, பணம் எடுக்கும் பொறி, கணினி, கைப்பேசிச் செயலி ஆகிய எல்லாம் இதில் அடங்கும். ஒரு கருவியைச் செய்து முடிக்குமுன் அதற்கு மாதிரிகள் செய்து பார்ப்பது இத்துறையினரின் வழக்கம். அம்மாதிரிகளில் முதன்மையானவை இரண்டு. ஒன்றை ஆங்கிலத்தில் மாக்-அப் என்பார்கள்; அதை நாம் தோற்ற மாதிரி எனலாம். மற்றொன்று புரோட்டோடைப், அதைச் செயல் மாதிரி எனலாம். தோற்ற மாதிரி, 'இது எப்படி இருக்கும்?' என்ற வினாவுக்கு விடை தருகிறது. செயல் மாதிரி, 'இதைத் தொட்டால் என்ன நடக்கும்? தொடுகிறவர் என்ன செய்வார்?' என்ற வினாவுக்கு விடை தருகிறது. முன்னது கண்ணுக்கு உரியது. பின்னது கைக்கு உரியது.

இவ்விரண்டும் எப்படிப் பயன்பட்டன என்பதற்கு வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நம் கைப்பேசியில் எண்களை அழுத்தும் பகுதியைப் பாருங்கள். மேல் வரிசையில் 1, 2, 3, அடுத்து 4, 5, 6, அதன் கீழ் 7, 8, 9, அடியில் சுழியம். இந்த வரிசை தானாக வந்துவிடவில்லை. முன்னாளில் தொலைபேசியில் எண்களைச் சுழற்றும் வட்டு இருந்தது. அதை நீக்கிவிட்டுப் பொத்தான்களை வைக்க விரும்பியபோது, எந்த எண்ணை எங்கே வைப்பது என்ற வினா எழுந்தது. 1955ஆம் ஆண்டில் மேரி லட்ஸ், அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எண் எழுதப்படாத பொத்தான்களின் படத்தைத் தாளில் வரைந்து மக்களிடம் கொடுத்து, எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எழுதுங்கள் என்றார்கள். இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் எண்கள் வரும் என்றே பலர் எதிர்பார்த்தார்கள். நாம் ஒரு பக்கத்தைப் படிக்கும் முறையே அது.

தாளில் கேட்டது இவ்வளவு. இத்துடன் நிறுத்தியிருக்கலாம் அல்லவா? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் நிறுத்தவில்லை. பலவகை வரிசைகளில் பொத்தான்கள் உள்ள கருவிகளைச் செய்து, ஆட்களை அழைத்து, தொலைபேசி எண்களை உண்மையாகவே அழுத்தச் சொன்னார்கள். ஓர் எண்ணை அழுத்தி முடிக்க எத்தனை வினாடி ஆகிறது, எத்தனை முறை தவறு நேர்கிறது, எது பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். பொத்தான் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஆர். எல். டைனிங்கர் என்பவர் 1960இல் இதனை விரிவாக எழுதி வெளியிட்டார். சிறந்த சில வரிசைகளுக்கு இடையே வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும் அப்போது தெரியவந்தது. இதைத் தாளில் வரைந்த படம் ஒருநாளும் சொல்லியிருக்காது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் இரண்டு ஊர்களில் பொத்தான் தொலைபேசி பொதுமக்களின் பயனுக்கு வந்தது. அன்று வந்த வரிசையே இன்றும் நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் தோற்ற மாதிரி வீண்தானா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. அதற்கும் தனிப் பயன் உண்டு. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. ஆனால் சட்டிக்குள் அடங்குமா அடங்காதா என்று பார்க்க ஏட்டுச் சுரைக்காய் உதவும்.

ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரின் கதை இதற்குச் சான்று. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறு கணினி ஒன்றைச் செய்ய அவர் விரும்பினார். 1993இல் அவரும் சேர்ந்து உருவாக்கிய கருவியொன்று விலைபோகவில்லை. மறுமுறை அவர் மின்பொறி எதையும் தொடுவதற்கு முன்பு, ஒரு மரத்துண்டைத் தம் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவுக்கு அறுத்துக்கொண்டார். சீன உணவு உண்ணும் குச்சி ஒன்றைச் சீவி எழுதுகோலாக்கிக்கொண்டார். போகுமிடமெல்லாம் அந்த மரத்துண்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். யாரையாவது சந்திக்க நாள் குறிக்க வேண்டியிருந்தால், அதை எடுத்து, குச்சியால் எழுதுவதுபோல் பாவனை செய்வார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த மரத்துண்டு அவருக்குச் சில உண்மைகளைச் சொல்லிற்று. எந்த அளவு பைக்குப் பொருந்தும், ஒரு நாளில் எதற்கெல்லாம் அதை எடுக்கிறோம் என்பவை அதனால் தெரிந்தன. 1996இல் வெளிவந்து பெரும் பெயர் பெற்ற பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவி அந்த மரத்துண்டிலிருந்து பிறந்ததே.

ஆனால் இதையும் கவனிக்க வேண்டும். அக்கருவியில் ஆங்கில எழுத்துகளை ஒரே இழுப்பில் எழுதும் புதிய முறை இருந்தது. எடுத்துக்காட்டாக, 'ஏ' என்னும் எழுத்தைக் குறுக்குக் கோடு இல்லாமல் கூரைபோல் எழுத வேண்டும். மக்கள் அதைக் கற்றுக்கொள்வார்களா, கருவி அதைப் புரிந்துகொள்ளுமா என்ற வினாவுக்கு மரத்துண்டால் விடை சொல்ல முடியாது. அதற்கு எழுத்தை வாங்கி எழுத்தைத் திருப்பித் தரும் செயல் மாதிரிதான் வேண்டும். ஆகவே எந்த மாதிரி உயர்ந்தது என்பதன்று வினா. நாம் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்பதே வினா.

செயல் மாதிரி என்றவுடன், உள்ளே மின்பொறிகள் நிறைந்த விலையுயர்ந்த பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. பேசினால் தட்டச்சு செய்யும் பொறி ஒன்று இருந்தால் மக்கள் அதைக் கொண்டு கடிதம் எழுதுவார்களா என்று அறிய ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் கூல்டும் அவருடைய தோழர்களும் விரும்பினார்கள். அப்படிப்பட்ட பொறி அந்நாளில் கிடையாது. அவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரை ஒலிவாங்கியின் முன் அமர்த்திப் பேசச் சொன்னார்கள். வேறோர் அறையில் மறைந்திருந்த தட்டச்சர் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்தார். சொற்கள் பேசியவருக்கு எதிரேயிருந்த திரையில் தோன்றின. பொறிக்கு 1,000 சொற்களே தெரியும், அல்லது 5,000 சொற்களே தெரியும் என்று வைத்துக்கொண்டு, தெரியாத சொல் வந்தால் எழுத்துக்குப் பதில் வெறும் பெருக்கல் குறிகள் தோன்றும்படியும் செய்தார்கள். 1983இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. பொறி போலியானது, ஆனால் பேசியவர் பட்ட அனுபவம் உண்மையானது. பேசினால் பதில் வந்தது. அந்தப் பதிலைக் கண்டு அவர் என்ன செய்தார் என்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். செயல் மாதிரியின் உயிர் இதுதான்: அது பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் பொறியிலிருந்து வருகிறதா, திரைக்குப் பின்னே இருக்கும் மனிதரிடமிருந்து வருகிறதா என்பது இரண்டாவது செய்தி.

இனி, இந்தப் பாடத்தை நாங்கள் எப்படிக் கற்றோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கைப்பேசிச் செயலி செய்வித்தது. பிள்ளை பள்ளிக்கு வர இயலாவிட்டால், பெற்றோர் அதன் வழியாக ஆசிரியருக்குத் தெரிவிக்கலாம் என்பது திட்டம். செய்து தர முன்வந்தவர்கள் ஒரு மாலை மண்டபத்தில் பெரிய வண்ணப் படங்களை வரிசையாக வைத்துக் காட்டினார்கள். திரையின் மேலே பள்ளிச் சின்னம். கீழே தமிழில் அழகான எழுத்துகள். எல்லாரும் கைதட்டினோம். செயற்குழுவினர் கையொப்பமிட்டார்கள். விளையாட்டுப் போட்டி நாளில் தாய்மார்கள் பலகாரம் விற்றுச் சேர்த்த பணத்திலிருந்து சில ஆயிரம் வெள்ளி அதற்குப் போயிற்று.

செயலி வந்து மூன்றாவது வாரம், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை. எங்களுக்குச் செய்தி எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனை வகுப்பின் முன் நிறுத்திக் கேட்டோம். "பாட்டி சொல்லிட்டாங்க" என்றான். பொய் சொல்லாதே என்று கடிந்தோம். அவன் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மாலையில் அவனுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். தாயும் தந்தையும் விடியுமுன்பே செம்பனை நாற்றங்காலுக்கு வேலைக்குப் போய்விடுவதால், பேரனைக் கவனிப்பவர் அவர்தான். காய்ச்சலில் கிடந்த பேரனுக்காக அந்தச் செயலியில் எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறார். "நானும் அமுக்கினேன் சார். நாலு தடவை அமுக்கினேன். அது ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். அடியில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. அவர் அழுத்தியதெல்லாம் மேலேயிருந்த பள்ளிச் சின்னத்தைத்தான். பள்ளிக்குச் சொல்ல வேண்டுமானால் பள்ளியைத்தானே அழுத்த வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறு என்ன? அதை அழுத்தியபோது எதுவும் நடக்கவில்லை. சரியான பொத்தானை அழுத்திய பெற்றோருக்கும், சென்று சேர்ந்தது என்று திரை சொல்லவில்லை. அதனால் சிலர் மீண்டும் மீண்டும் அழுத்த, ஒரே விடுப்பு மூன்று நான்கு முறை வந்துகொண்டிருந்தது.

செய்து கொடுத்தவர்களிடம் முறையிட்டோம். "நீங்கள் ஒப்புக்கொண்ட படத்தில் உள்ளபடியேதான் செய்திருக்கிறோம். மாற்ற வேண்டுமானால் தனிக் கட்டணம்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மையே. படத்தில் இருந்தது எல்லாம் செயலியில் இருந்தது. படத்தைப் பார்த்து 'அழகாக இருக்கிறது' என்று சொன்ன நாங்கள், 'பயன்படுத்த முடிகிறது' என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளப்பட்டோம். தோற்றத்துக்குக் கொடுத்த ஒப்புதல் செயலுக்கும் கொடுத்த ஒப்புதலாகிவிட்டது. பிழை அங்கேதான். அந்தப் பிழைக்காக வகுப்பின் முன் தலைகுனிந்து நின்றவனோ, அதைச் செய்தவர்களும் அல்லன், கையொப்பமிட்டவர்களும் அல்லன். ஏழெட்டு வயதுச் சிறுவன்.

பிறகு நாங்கள் செய்ததைக் கேளுங்கள். பயிற்சிக் கல்லூரியில் பாடக் குறிப்பை எவ்வளவு அழகாக எழுதினாலும், அதை உடன் பயிலும் மாணவர்கள் முன் ஒருமுறை நடத்திக் காட்டிய பிறகே வகுப்புக்குள் அனுப்புவார்கள். அதே முறையைப் பின்பற்றினோம். மணிலா அட்டையைக் கைப்பேசி அளவுக்கு வெட்டி, ஒவ்வோர் அட்டையிலும் ஒரு திரையை எழுதுகோலால் வரைந்தோம். ஆசிரியர் ஒருவர் கைப்பேசியாக அமர்ந்தார். எதிரே வருகிறவர் அட்டையில் எதைத் தொடுகிறாரோ அதற்கேற்ப அடுத்த அட்டையை அவர் எடுத்து வைக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. வழி காட்டக் கூடாது. இதுவே விதி.

பாட்டிமார் மூவரும் பெற்றோர் மூவரும் வந்தார்கள். அரை மணி நேரத்தில் வண்ணப் படங்கள் காட்டாததையெல்லாம் அந்தப் பென்சில் அட்டைகள் காட்டிவிட்டன. 'சமர்ப்பி' என்பதைவிட 'அனுப்பு' என்பதே எல்லாருக்கும் விளங்கியது. முதலில் தேதியைக் கேட்டால், இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள் யாருக்கு என்று தெரியாமல் விழித்தார்கள். முதலில் பிள்ளையின் பெயரைக் காட்டினால் தயங்காமல் தொட்டார்கள். அனுப்பியவுடன் 'செய்தி ஆசிரியருக்குச் சேர்ந்தது' என்று ஓர் அட்டையை வைத்தபோது, அந்தப் பாட்டி அட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஓர் அட்டை முன்பே இருந்திருந்தால் அவர் பள்ளிவரை நடந்து வந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கண்டோம். வண்ணப் படங்களைக் காட்டியபோது ஒருவரும் குறை சொல்லவில்லை. செய்து முடித்த பொருள்போல் இருப்பதைக் குறை கூற மனிதர் கூசுகிறார்கள். கோணலாக வரைந்த பென்சில் அட்டையைக் கண்டதும், "இது இங்கே வேண்டாம் சார், அங்கே வையுங்க" என்று அவர்களே எடுத்துச் சொன்னார்கள்.

அட்டையிலும் தெரியாதவை உண்டு. வெயிலில் திரை தெரியுமா, நாற்றங்கால் மண் ஒட்டிய விரலுக்குத் திரை இணங்குமா, தோட்டத்தின் உட்பகுதியில் அலைவரிசை கிடைக்குமா என்பவற்றை அட்டை சொல்லாது. ஆகவே அடுத்த முறை, வேறொருவர் உதவியோடு எளிய செயலி ஒன்றைச் செய்து, ஐந்து வீடுகளில் மட்டும் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகே மற்றவர்களுக்குக் கொடுத்தோம். முதலில் போன பணம் போனதுதான், அது திரும்பவில்லை.

நேயர்களே, கருவி செய்வோருக்கு மட்டும் உரிய செய்தி இதுவன்று. ஆலயத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளியிலோ பொதுப் பணத்தில் ஒன்றைச் செய்விக்கும் பொறுப்பு நம்மில் பலருக்கு வருகிறது. அப்போது யாரேனும் ஒரு படத்தைக் காட்டினால், மூன்று வினாக்களைக் கேளுங்கள். முதலாவது, இது தோற்ற மாதிரியா, செயல் மாதிரியா? இரண்டாவது, இதைத் தொட்டால் என்ன பதில் வரும்? மூன்றாவது, இதை நாளும் பயன்படுத்தப் போகிறவர் இதைத் தொட்டுப் பார்த்தாரா? மூன்றாவது வினாவுக்கு 'ஆம்' என்ற விடை கிடைக்கும்வரை கையொப்பமிட வேண்டாம். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சில அட்டைகளும் ஒரு பென்சிலும் அரை மணிப் பொழுதும் போதும். தொட்டுப் பார்ப்பவர் தடுமாறினால் அவரைக் கடியாதீர்கள். அவர் தடுமாறும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

அந்தச் சிறுவனைப் பற்றி நேயர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். எந்த வகுப்பின் முன் அவனைக் கடிந்தோமோ, அதே வகுப்பின் முன் மறுநாள் அவனிடம் எங்கள் தவற்றை ஒப்புக்கொண்டோம். எங்கள் அட்டைக் கடிகாரத்தையும் மாற்றிவிட்டோம். இப்போது வகுப்பில் இருப்பது, பெரிய முள்ளைத் திருப்பினால் சிறிய முள்ளும் தானே நகரும் ஒரு பழைய மணிக்கூடு. நாலரை மணியைக் காட்டு என்றால் பிள்ளைகள் சரியாகக் காட்டுகிறார்கள்.